எங்கண்ணன் மெட்ராசுக்குக் கொண்டுபோன மண்ணு

எங்கண்ணன் கொம்பையா தண்ணி குடிச்சாலும் சொம்புக்குள்ள ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுத்தான் குடிப்பாரு. அடுத்தவுக வீட்டுச் சொம்புன்னு இல்ல, சொந்த வீட்டுச் சொம்பும் அப்படித்தான். "என்னண்ணே தேடுதீங்க, உள்ள யாரு ஒளிஞ்சிருக்கா?"ன்னு கேட்டா, "ஒனக்கென்னட்டி தெரியும், போ"ம்பாரு. நான் அவரோட ஒரே தங்கச்சி, வள்ளித்தாய். பொறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊரு, புதூர்ப் பக்கம். அவரு வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் எதிர எதிர. அதனால அவரு சந்தேகத்துல பாதி எந்தலையிலதான் வந்து விடியும்.

பஸ்ஸுல கண்டக்டர் குடுக்குற டிக்கெட்ட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாரு. விளாத்திகுளத்துல மொளகா வத்தல எடைக்குப் போடப் போனா தராசுத் தட்டுக்கு அடியில கைய விட்டுத் தடவுவாரு. கமிசன் கடைக்காரரு பாத்துப் பாத்து அலுத்துப் போயி, "அண்ணாச்சி, தட்டக் கழத்தியே தந்துருதேன், வீட்டுல வச்சு நல்லாப் பாத்துட்டு நாளைக்குக் கொண்டாங்க"ன்னாரு ஒருநா. கடையே சிரிச்சுது. எங்கண்ணன் சிரிக்கல. "கழத்துனா நீரு வேற தட்டுல்லா மாட்டுவீரு"ன்னாரு.

சும்மா சொல்லக்கூடாது, அவரு அப்படி ஆனதுக்கு ஒரு காரணம் உண்டு. எங்களப் பெத்த ஐயா காய்ச்சல்ல நெனவு தப்பிக் கெடந்தப்ப, பங்காளி ஒருத்தரு வந்து, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கணும்னு சொல்லி ஒரு தாளுல கைநாட்டு வாங்குனாரு. எங்கையாவுக்குக் கைய அசைக்கத் தெம்பில்ல. அந்தக் கையத் தூக்கி மையில வச்சு, தாளுல வச்சு அமுக்குனதே எங்கண்ணன்தான். மீச அப்பதான் அரும்புது அவருக்கு. நாலு மாசங்கழிச்சு கண்மாய்க்கரைப் புஞ்சைய அந்தப் பங்காளி உழும்போதுதான் அது எந்தத் தாளுன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எங்கண்ணன் யாரையும் நம்புனதில்ல. பள்ளிக்கூடம் போகாத மனுசன், அவருக்கும் கைநாட்டுதான். எடது கைப் பெருவெரல யாராச்சும் பாத்தாலே மடக்கிக்கிடுவாரு.

மிஞ்சுனது மேட்டுப் புஞ்சை ஒண்ணுதான். நல்ல கரிசல். மழை பேஞ்சா மொளகாயும் உளுந்தும் போடுவாரு, பேயலேன்னா நாலு ஆட்டப் பத்திக்கிட்டு அலைவாரு. எங்க மதினி ஆறுமுகத்தாய் மஞ்சக்காமாலையில போனப்ப அந்தப் புஞ்சையிலதான் அடக்கம் பண்ணுனோம், கெழக்கு மூலையில. சுமங்கலியாப் போன பொம்பளை எங்க கூட்டத்துக்கு வீட்டுச்சாமி. தலமாட்டுல ஒரு கல்ல நட்டு, தை மாசம் சேலை சாத்தி வளவி போடுவோம். வீட்டுல எந்த நல்லதும் அவளக் கும்புட்டுத்தான் தொடங்கும்.

அந்தப் புஞ்சை மேலதான் காத்தாடிக்காரன் கண்ணு விழுந்துச்சு. எங்க பக்கம் கரண்டு எடுக்குத பெரிய காத்தாடி நட, கம்பெனிக்காரங்க மேட்டு நெலமாத் தேடி அலைஞ்ச வருசம் அது. ஒருநா கறுப்புக் கண்ணாடி போட்ட புரோக்கர் ஒருத்தன் ஜீப்புல வந்து, யாருட்டயும் கேக்காமக் கொள்ளாம, கெழக்கு மூலையில ஒரு குழியத் தோண்டி, மண்ண எடுத்து பிளாஸ்டிக் பையில கட்டுனான். சோதிச்சுப் பாக்கவாம். எங்கண்ணன் ஆட்டுக் கம்பத் தூக்கிக்கிட்டு வெரட்டுனாரு. அவன் ஜீப்புல ஏறி உக்காந்துக்கிட்டு, "பெரியவரே, ஏன் கோவப்படுதீங்க? நாங்க ஒங்க மகன்ட்ட பேசிக்கிடுதோம்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

மகன்னா செல்வக்குமார். ஒத்தப் பிள்ள. மெட்ராசுல கார் சாமான் செய்யுத கம்பெனியில வேல. கலியாணம் முடிஞ்சு மூணு வருசம் ஆச்சு, பொண்டாட்டி செண்பகவல்லி விளாத்திகுளத்துப் பிள்ள. செம்பான்னு கூப்பிடுவோம். எங்க செல்வக்குமார் பாசமான பய. ஆனா அந்தப் புரோக்கர் சொன்ன ஒத்த வார்த்த எங்கண்ணன் மனசுல முள்ளு மாதிரி ஏறிக்கிட்டுது. "எம்மவன்ட்ட இவனுக்கு என்ன பேச்சு?"ன்னு நடந்தாலும் முனங்குவாரு, உக்காந்தாலும் முனங்குவாரு.

அந்த முனகல் அடங்கறதுக்குள்ள போன் வந்துச்சு. ஊருக்குள்ள செல்லு எடுக்காது அப்ப. தங்கச்சாமி அண்ணாச்சி டீக்கடையில ஒத்த ரூவா போன் ஒண்ணு இருக்கும், அங்கிட்டுப் பேசுதது கடைக்கே கேக்கும். யாருக்குப் போன் வந்தாலும் டீ குடிக்கிறவுக எல்லாரும் கிளாசக் கீழ வச்சுட்டுக் காதத் தீட்டிருவாங்க. நானும் கூடத்தான் போனேன், நான் மட்டும் என்ன.

"ஐயா, வார சனி ஞாயிறு எனக்கு லீவு. நீங்களும் அத்தையும் மெட்ராசுக்கு வந்துட்டுப் போங்க. டிக்கெட்டு எடுத்துட்டேன். கோயில்பட்டியில வெள்ளிக்கெழம ஏறுனா சனிக்கெழம காலையில நான் ஸ்டேசனுக்கு வந்துருதேன்."

"என்னலே திடீர்னு?"

"சும்மாத்தான்யா. ஒரு தடவகூட வந்ததில்லயே நீங்க. அப்புறம் ஐயா, வரும்போது நம்ம மேட்டுப் புஞ்சையில இருந்து ஒரு கைப்பிடி மண்ணு கொண்டாங்க. கெழக்கு மூலையில எடுங்க."

எங்கண்ணன் மொகம் மாறிப் போச்சு. "மண்ணா? எதுக்குலே?"

"வந்தப்புறம் சொல்லுதேன்யா. போன்ல வேண்டாம்."

போன வச்சுட்டு வீட்டுக்கு வந்தோம். வாசப்படியில கால வச்சதும் வெடிச்சுட்டாரு. "பாத்தியாட்டி? கெழக்கு மூலை மண்ணு! புரோக்கர் கேட்ட அதே மண்ணு! நான் வெரட்டி விட்டேன்ல, இப்ப மவன் வழியா வாரான். மண்ண என் கையாலயே கொண்டாரச் சொல்லி, என்னையும் அங்கன வரவச்சு, கைநாட்டு வாங்கப் போறானுவ."

"ஏண்ணே, ஒங்களுக்குக் கிறுக்கா? கெழக்கு மூலைன்னா அது மதினி இருக்க எடம்லா?"ன்னேன். எனக்கு உள்ளுக்குள்ள வேற ஒரு நெனப்பு ஓடுச்சு. வாய் வரைக்கும் வந்துட்டுது. சில காரியத்த முன்கூட்டி வாயால சொல்லிக் கெடுத்துரக் கூடாதுன்னு முழுங்கிட்டேன்.

"அவ செத்து ஆறு வருசம் ஆச்சு. இப்ப என்ன திடீர்னு ஆத்தா நெனப்பு? போ அங்கிட்டு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னுட்டாரு.

"அப்ப போகாதீங்க. விட்டுத் தள்ளுங்க."

"போகாம எப்படி? என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்கணும்ல."

அன்னைக்குத் தொடங்குனாரு மனுசன். ரெண்டு நாளு பட்டணம் பாத்துட்டு வாரதுக்கு, யுத்தத்துக்குப் போற கணக்கா ஒரு ஏற்பாடு. மொதல்ல ஆடு. பக்கத்துத் தெரு பரமசிவன் ஆட்டுக்காரன், நல்லவன், "விட்டுட்டுப் போங்க மாமா, எங்க ஆட்டுக் கிடையோட சேத்துப் பாத்துக்கிடுதேன்"ன்னான். எங்கண்ணன் தலைய ஆட்டிட்டு, அவன் அங்கிட்டுப் போனதும் ஒவ்வொரு ஆட்டுக்கும் கொம்புக்கு அடியில மஞ்சளப் பூசி விட்டாரு. குட்டிய மாத்திப்புடுவானாம். "எண்ணே, அவன் ஆடு எம்பதுக்கு மேல நிக்கி. ஒங்க நோஞ்சான் குட்டிய மாத்தி என்ன செய்யப் போறான்?"ன்னு கேட்டா, "எம்பது வச்சிருக்கிறவனுக்குத்தான் ஆசை அதிகம்"ங்காரு.

அடுத்து புஞ்சைப் பத்திரம். தகரப்பெட்டியில இருந்தத எடுத்து, எண்ணெய்த்தாள்ல சுத்தி, தானியம் கொட்டி வைக்குத குலுக்கைக்குள்ள கம்புக்கு அடியில பொதைச்சாரு. பொதைச்சத நான் பாத்துட்டேன்னு மறுநா எடத்த மாத்துனாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "சொந்தத் தங்கச்சிய நம்பல, அப்ப நான் எதுக்கு ஒங்களோட மெட்ராசுக்கு வரணும்? நீங்களே போங்க!"ன்னு கத்துனேன். "நீ வந்தாத்தான் சாட்சி"ன்னாரு. சாட்சியாம்! நான் என்ன கோர்ட்டுக்கா போறேன்? மருமவளப் பாக்கப் போறேன். நான் பாட்டுக்கு சேவும் கருப்பட்டியும் குதிரைவாலி அரிசியும் கட்டி வச்சேன்.

மண்ணு எடுத்ததுதான் பெரிய கூத்து. கெளம்புத அன்னைக்குக் காலையில நான் வாசத் தெளிச்சுக்கிட்டு நிக்கேன், இவரு ஓடைக்கரைப் பக்கம் இருந்து துண்டுல எதையோ முடிஞ்சுக்கிட்டு வாராரு.

"என்னண்ணே அது?"

"மண்ணு. அவன் கேட்டான்ல."

"மேட்டுப் புஞ்சை அந்தப் பக்கம்லா இருக்கு?"

எங்கண்ணன் சிரிச்சாரு. அவரு சிரிச்சு நான் பாத்தே பல நாளாச்சு. "நான் என்ன கேனயனா? ஓடைக்கரை உவர்மண்ணு இது. கறுப்பாத்தான் இருக்கும், ஆனா ஒரு புல்லு மொளைக்காது. இதச் சோதிச்சுப் பாத்தான்னு வையி, இந்த மண்ணு காத்தாடியத் தாங்காதுன்னு ஓடிருவான்."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். விடிஞ்சா ஊரு ஆம்பளைய எல்லாம் சொம்போட ஒதுங்குத எடம் அது. "கருமம், அதத் துண்டுல முடிஞ்சுக்கிட்டு வாரீங்களே! மவன் கேட்டது ஒண்ணு, நீங்க கொண்டு போறது ஒண்ணு, நல்லா இல்லண்ணே"ன்னு சொல்லித்தான் பாத்தேன். காதுலயே போட்டுக்கல. மத்தியானம் பாத்தா எடது கைப் பெருவெரல்ல துணி சுத்திக் கட்டு வேற போட்டிருக்காரு. பதறிப்போயி என்ன ஆச்சுன்னு கேட்டேன். ஒண்ணும் ஆகலியாம். "அருவா வெட்டிருச்சுன்னு சொல்லிருவேன். கட்டுப் போட்ட வெரல்ல எவன் கைநாட்டு வாங்குவான்?"ன்னாரு. அப்படி ஒரு மூளை! எதுக்கு வேல செய்யணுமோ அதுக்கு வேல செய்யல.

கோயில்பட்டியில ரயில் ஏறுனோம். எதிர்ல இருந்த குடும்பம் இட்லிய நீட்டுனாங்க. "மயக்க மருந்து போட்டிருப்பாங்க"ன்னு என் காதுல சொல்லுதாரு, அதுவும் அவங்களுக்குக் கேக்குத மாதிரி. எனக்கு மானம் போச்சு. பைய மடியில வச்சு, பைக்குள்ள அந்தக் கருமம் பிடிச்ச மண்ண வச்சு, விடியுத வரைக்கும் உக்காந்தே வந்தாரு.

எழும்பூர்ல செல்வக்குமார் நின்னான். எங்களக் கண்டதும் ஓடியாந்து பைய வாங்கப் போனான். எங்கண்ணன் குடுக்கல. "என்னய்யா கையில கட்டு?"ன்னு பய பதறிட்டான். "அருவா பட்டிருச்சு"ன்னாரு. "ஆழமாவா? ஊசி போட்டீங்களா? இங்கன டாக்டர்ட்ட காட்டுவோமா?" "வேண்டாம், வேண்டாம்." மவன் எவ்வளவுக்கெவ்வளவு கேக்கானோ, அவ்வளவுக்கவ்வளவு எங்கண்ணன் என்னத் திரும்பிப் பாக்காரு, பாத்தியா எவ்வளவு குறியா இருக்கான்னு.

வீடு ஆவடிப் பக்கம், மாடியில ரெண்டு ரூமு. செம்பா வாசல்ல வந்து நின்னா. பிள்ள எளைச்சு, கண்ணு உள்ள போயி, ஆனா மொகத்துல ஒரு மினுக்கு. கால்ல விழ வந்தவள செல்வக்குமார் "குனியாத"ன்னு தோளப் பிடிச்சு நிறுத்துனான். நான் நெனச்சதுதான்னு மனசு சொல்லிட்டுது. எங்கண்ணன் அதையா பாத்தாரு? சாத்திக் கெடந்த உள் ரூமுக் கதவையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"மாமா, கைக்கு மஞ்ச வச்சுக் கட்டுதேன், கழத்துங்க"ன்னா செம்பா. "ஆறிருச்சு தாயி"ன்னு கையக் கக்கத்துக்குள்ள வச்சுக்கிட்டாரு. புருசனும் பொண்டாட்டியும் அடுப்படியில ஏதோ மெதுவாப் பேசுனாங்க. இவரு என் சேலையப் பிடிச்சு இழுத்து, "கேட்டியா, கேட்டியா"ங்காரு. அப்பப் பாத்து செல்வக்குமார் வந்து, "ஐயா, நீங்களும் அத்தையும் குளிச்சிட்டு வாங்க. ஒரு காரியம் இருக்கு. மண்ணு கொண்டாந்தீங்கள்ல?"ன்னான். எங்கண்ணன் பைய இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

குளிச்சிட்டு வந்தா, உள் ரூமுக் கதவத் தெறந்தான். செவத்துல புதுசா ஒரு பலகை அடிச்சிருந்துச்சு. அதுல மஞ்சத் துணி விரிச்சு ஒரு சின்னப் புதுப் பானை. பக்கத்துல அரக்குச் சேலை, கண்ணாடி வளவி, பூவு, குங்குமம், வெளக்கு. புரோக்கரும் இல்ல, தாளும் இல்ல.

"அத்தை, இனிமே ஒங்கட்ட ஒளிக்க என்ன இருக்கு"ன்னான் செல்வக்குமார். அவன் கண்ணு கலங்கிப் போச்சு. "செம்பா உண்டாயிருக்கா. ரெண்டு தடவ தங்காமப் போச்சு, ஒங்க யாருட்டயும் சொல்லல. இந்தத் தடவ டாக்டரம்மா பஸ்ஸு, ரயிலு எதுலயும் ஏறக்கூடாதுன்னுட்டாங்க. அம்மாட்ட இவளக் கூட்டிக்கிட்டு வர முடியல. அதான் அம்மாவ இங்கன கொண்டாரச் சொன்னேன்."

எங்க கூட்டத்து வழக்கம் அது. மருமக உண்டானா வீட்டுச்சாமிட்டப் போயி, சேலை சாத்தி, அந்த எடத்து மண்ணுல ஒரு துளி நெத்தியில வச்சு, ஒரு துளி வாயில போடணும். அதுக்கப்புறந்தான் வெளியில சொல்லலாம். தூரதேசத்துல இருக்கிறவுக பிடிமண்ணு எடுத்துட்டுப் போயி வச்சுக் கும்புடுவாங்க. நான் நெனச்சு முழுங்குனதும் இதுதான்.

"டீக்கடைப் போன்ல எப்படி அத்தை சொல்ல? அம்மா மண்ணுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எதுக்குன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும். கெழக்கு மூலைன்னா ஐயாவுக்குப் புரிஞ்சிரும்னு நெனச்சேன்."

நான் எங்கண்ணனத் திரும்பிப் பாத்தேன். செவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "எண்ணே, சொல்லுங்க"ன்னு நான் வாயெடுக்கதுக்குள்ள, செல்வக்குமார் பையில இருந்து துண்டு முடிச்ச எடுத்துட்டான். ரெண்டு கையாலயும் ஏந்தி, கண்ணுல ஒத்தி, பானையில போட்டான். "அம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டு விழுந்து கும்புட்டான். செம்பா ஒரு துளி எடுத்து நெத்தியில வச்சா. இன்னொரு துளிய எடுத்து வாய்க்குக் கொண்டு போனா.

"வேண்டாந்தாயி! வாயில வைக்காத!"

மருமவ எதிர நின்னு பேசவே கூசுத மனுசன், பாஞ்சு போயி அவ கையத் தட்டி விட்டாரு. மண்ணு செதறிச்சு. பானை உருண்டுச்சு. செம்பா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் செவத்தோட ஒட்டி நின்னுட்டா. தட்டுன வேகத்துல எங்கண்ணன் வெரல்ல இருந்த துணி அவுந்து கீழ விழுந்துச்சு.

"அது அவ மண்ணு இல்ல தாயி"ன்னாரு. "ஓடைக்கரை மண்ணு."

அந்த ஊருல பொறந்த பயலுக்கு ஓடைக்கரைன்னா என்னன்னு தெரியாதா? நான் செம்பாவ இழுத்துக்கிட்டுப் போயி மொகத்தையும் கையையும் கழுவி விட்டேன். "அத்தை, அபசகுனமா? இதுவும் தங்காதா?"ன்னு ஒரே அழுகை. திரும்பி வந்தா, செல்வக்குமார் அந்தத் துணியக் கையில வச்சுக்கிட்டு ஐயா வெரலப் பாத்துக்கிட்டு நிக்கான். வெரல்ல ஒரு கீறலும் இல்ல.

"அருவா பட்ட எடம் எங்கய்யா?"

எங்கண்ணன் பெருவெரல மடக்கிக்கிட்டாரு.

"கைநாட்டு வாங்கிருவேன்னு நெனச்சீங்களாய்யா? நானா?"

அவன் சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவல. மெதுவாக் கேட்டான். "காத்தாடிக்காரன் எனக்கும் போன் பண்ணுனான்யா. எங்கம்மா அங்கன படுத்திருக்கா, இனிமே இந்தப் பேச்சே எடுக்காதன்னு சொல்லி வச்சுட்டேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா வீணாக் கவலப்படுவீங்கன்னுதான் சொல்லல."

எனக்கு ஆத்திரம் தாங்கல. "நல்லா இருக்கா ஒங்களுக்கு? பொண்டாட்டி படுத்திருக்க எடத்தச் சொன்னா, ஒங்களுக்குப் புரோக்கர் மூஞ்சில்லா நெனவு வந்திருக்கு! பெத்த பிள்ளைக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுசனா?"ன்னு கத்திட்டேன். அண்ணன்னு பாக்குத நெலமையில நான் இல்ல.

அவரு செதறுன மண்ண ஒண்ணு விடாமத் துண்டுல அள்ளுனாரு. வேட்டிய இறுக்கிக் கெட்டிக்கிட்டு வெளிய போனாரு. "டிக்கெட்டு நாளைக்குத்தான்யா"ன்னான் செல்வக்குமார். "பஸ்ஸுல போறேன்"னாரு. ஒரு வாய் சாப்பிடல. விளாத்திகுளத்தத் தாண்டித் தனியாப் போகாத ஆளு, அந்தப் பட்டணத்துக் கூட்டத்துல எறங்கிப் போயிட்டாரு.

நான் செம்பாவுக்குத் துணையா அங்கனயே இருந்துட்டேன். அந்த வாரம் ஓடுன பாடு எனக்குத்தான் தெரியும். வெறும் பானை பலகையில இருக்கு. லேசா வயித்த வலிச்சாப் போதும், அந்தப் பிள்ள பானையப் பாக்கும், என்னப் பாக்கும். டாக்டரம்மா நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் மனசுல நிக்கல. செல்வக்குமார் டீக்கடைக்குப் போன் பண்ணுனான். ஒங்கையா ஊருக்கு வந்துட்டாரு, ஆனா கடைப்பக்கமே வாரதில்லன்னாரு தங்கச்சாமி அண்ணாச்சி. "ஐயா ரோசக்காரரு, இனிமே இங்கன வரமாட்டாரு அத்தை"ன்னான் பய. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அடுத்த சனிக்கெழம காலையில கதவ யாரோ காலால தட்டுத சத்தம். தெறந்தா எங்கண்ணன் நிக்காரு. ரெண்டு கையும் நெஞ்சோட சேத்து ஒரு முடிச்ச ஏந்திக்கிட்டு இருக்கு, அதான் காலால தட்டியிருக்காரு. எங்க மதினியோட பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டு அது, பாத்ததும் தெரிஞ்சுது.

"பை எங்கண்ணே?"

"பின்னால ஒரு தம்பி கொண்டாரான். ரயில்ல எங்கூட வந்தவன். எனக்குக் கை ஒழியல, அவன்ட்டக் குடுத்துட்டேன்."

"யாருன்னு தெரியாதவன்ட்டயா?"

"ஆமா"ன்னாரு. அந்தத் தம்பியும் மூச்சு வாங்கிக்கிட்டுப் பையோட மாடி ஏறி வந்தான்.

"ஆட்ட என்ன செஞ்சீங்க?"

"பரமசிவன்ட்ட விட்டுருக்கேன்."

"மஞ்ச பூசுனீங்களா?"

"இல்ல."

அதுக்கப்புறந்தான் மண்ணு எடுத்த விவரத்தச் சொன்னாரு. பச்சத்தண்ணி பல்லுல படாம, நேத்து விடியக் குளிச்சு, ஈர வேட்டியோட மேட்டுப் புஞ்சைக்குப் போயி, அவ தலமாட்டுல தோண்டி எடுத்திருக்காரு. எடுத்த மண்ணக் கீழ வைக்கக் கூடாதுன்னு வீடு வந்து சேருத வரைக்கும் கையிலயே வச்சிருந்திருக்காரு. செல்வக்குமார் எந்திரிச்சு வந்து நின்னான். ஐயாவும் மவனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடல.

"செம்பா குளிச்சிட்டு வரட்டும்"ன்னாரு எங்கண்ணன்.

பானைய மஞ்சத்தண்ணியில கழுவி வச்சோம். அவரு முடிச்ச அவுத்து மண்ணக் கொட்டுனாரு. கட்டி கட்டியா, பொடியாத ஈரக் கரிசல். செம்பா குங்குமத் தட்ட நீட்டுனா. அவரு எடது கைப் பெருவெரல அதுல அமுக்குனாரு.

"மாமா, அது எடது கை"ன்னா செம்பா பயந்துக்கிட்டு.

"தெரியும் தாயி. இந்த வெரலத்தான் ஒங்கட்ட இருந்து ஒளிச்சு வச்சேன். இதுதான் வைக்கணும்."

பானை மேல அந்த வெரல வச்சு, ரேகை பதியுத அளவுக்கு அழுத்துனாரு. "ஏட்டி ஆறுமுகத்தாயி, நீ பெத்த பிள்ளையப் போயிச் சந்தேகப்பட்டுட்டேன்டி"ன்னு சொல்லி வாய்விட்டு அழுதாரு. எங்கையா செத்தன்னைக்கு அழாத மனுசன் அவரு. செல்வக்குமார் வந்து, குங்குமம் ஒட்டுன அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டான்.

செம்பா மண்ணுல ஒரு துளி எடுத்து நெத்தியில வச்சா, ஒரு துளிய வாயில போட்டா. எங்கண்ணன் பாத்துக்கிட்டு நின்னாரு.